தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தவர்

எங்கள் நாய்க்குக் கிழடு தட்டியபோது அது மூத்திரம் விட்டுப் பூஜை அறை வாசலை நனைக்க ஆரம்பித்தது. தச்சநல்லூரில் நானும் அண்ணனும் மட்டும் இருக்கிற வீடு. அண்ணன் ஓய்வுபெற்ற தாசில்தார், தினமும் சிவபூஜை செய்கிறவர். தீட்டுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், நாயின் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்றார். நான் சட்டியை நிரப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவேன். திரும்பினால் கவிழ்ந்து கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற ஊரில் ஒரு வாயில்லா ஜீவன் வறண்ட நாக்கோடு கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதும் நனைப்பது நிற்கவில்லை. நாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டது. பிரதோஷத்தன்று சொட்டியது ரத்தம். அண்ணன் ஒட்டடைக் கம்பை எடுத்து அதன் முதுகில் போட்டார். அது அலறிக்கொண்டு சுவரோடு ஒடுங்கியது. அடுத்த அடியும் விழுந்தது. நான் கம்பைப் பிடுங்கி அவர் முழங்கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நல்ல சிவபூஜை!

“அது சாகப் போகுதுண்ணே. வயித்தைப் பாரு,” என்றேன்.

வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. ஆட்டோவில் வண்ணார்பேட்டை கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனும் ஏறிக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் மூத்திரப்பை நிறையக் கற்கள். ஒன்று இறங்கி வழியை அடைத்திருந்தது. வயதான நாய்க்குச் சிறுநீரில் கிருமித்தொற்று வந்தால் இப்படிக் கண்ட இடத்தில் நனைக்கும், அதுவே கல்லாகவும் முடியலாம் என்றார் மருத்துவர். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டார். அண்ணன் சட்டியைக் கவிழ்த்ததையும் கம்பால் அடித்ததையும் நான் சொன்னேன்.

“தண்ணி கொறஞ்சா மூத்திரம் கெட்டியாயிரும் அண்ணாச்சி. கிருமியும் சேந்தா கல்லு வேகமா வளரும். இந்த வயித்துல ஒரு அடி விழுந்திருந்தா பையே கிழிஞ்சிருக்கும்,” என்றார் அவர்.

அறுத்துக் கற்களை எடுத்தார்கள். நாய் பிழைத்துக்கொண்டது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவக் கையை நீட்டினார். கை கிட்டே வந்ததும் நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயத்தில் படுத்த இடத்திலேயே மூத்திரம் விட்டது. ரத்தமில்லாமல், தடையில்லாமல், அவர் வேட்டி நனைய ஓடியது. எனக்கு உயிர் வந்தது. அவர் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.