என் பெயரில் பத்துப் புள்ளி அதிகம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார், பால் வடிய ரப்பர் மரப்பட்டையைக் கீறும் வேலை. நான் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன்.

மூன்று மணிக்கு வேலை முடியும். எங்கள் பக்கம் போகும் பஸ் நாலரைக்குத்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை வாசனை அடிக்கும் இருட்டறை ஒன்று, அதில் ஒரு வீடியோ கேம் எந்திரம். இருபது சென் போட்டால் மேலேயிருந்து இறங்கும் விண்கலங்களைச் சுடலாம். முதலில் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டிப் பழகிய கை என்பதாலோ என்னவோ, ஒரு வருடத்தில் அங்கே வரும் பையன்கள் யாரும் என்னை நெருங்க முடியவில்லை.

அதிகப் புள்ளி எடுத்தவர் மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் பதியலாம். நான் என் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போடுவேன். ஆனால் இரவில் சுவிட்சை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். மறுநாள் பட்டியல் காலியாக இருக்கும்.

ஒரு நாள் அது காலியாக இல்லை. நான் போனபோது என் மூன்று எழுத்தும் பட்டியலின் உச்சியில் இருந்தன. முந்தின நாள் நான் எடுத்தது 21,400. திரையில் 21,410.

எந்திரக் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் 23,000 எடுத்தேன். அதற்கடுத்த நாள் என் பெயருக்கு நேரே 23,010.

பாயிடம் கேட்டேன். "பன்னெண்டு மணிக்குத்தான் அறையத் தொறக்குறேன் பாப்பா. பூட்டு அப்படியேதான் இருக்கு" என்றார். பையன்களைக் கேட்டால் சிரித்தார்கள். "நீயே வந்து ஆடிட்டுப் போயிட்டு எங்களக் கேக்குறியா லா?" என்றான் ஒருத்தன். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

நான் ஆடிய ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் அப்படியே நடந்தது. எப்போதும் பத்தே புள்ளிதான் அதிகம். நான் எட்டிப் பிடிக்கப் பிடிக்க அது ஒரு படி மேலே போய் நின்றது. நான் இனிமேல் ஆடப்போகும் ஆட்டத்தை எந்திரம் முன்கூட்டியே காட்டுகிறதோ என்று கூடத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் கடைச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். கோலாலம்பூரில் இதே விளையாட்டில் போட்டி, முதல் பரிசு ஐந்நூறு வெள்ளி. எனக்கு அது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

தீப்பெட்டி அட்டையில் கணக்குப் போட்டேன். நுழைவுக் கட்டணம் முப்பது வெள்ளி, பஸ்ஸுக்கு ஏழு. போட்டி சனிக்கிழமை என்பதால் ஒரு நாள் கூலி எட்டும், தவறாமல் வேலைக்கு வந்தால் கிடைக்கும் படி பதினைந்தும் போய்விடும். மூன்று வாரப் பயிற்சிக்கு நாற்பது. மொத்தம் நூறு. என்னிடம் சரியாக நூறு வெள்ளிதான் இருந்தது. அது அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கச் சேர்த்த பணம். வெட்டுக்கோடு சரியாகத் தெரியாமல் மரத்தைக் காயப்படுத்துகிறார் என்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார்.

போகலாமா, வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் அந்தப் பத்துப் புள்ளிதான் என்னை இழுத்தது. எந்திரமே நான் வளர்வேன் என்று சொல்கிறதே, பிறகு என்ன பயம்? போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பாரத்தை நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் எனக்கு மாலை ஷிப்ட். காலையிலேயே ரவாங் போய்ப் பணம் கட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஒன்பது மணிக்குப் பாய் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே எந்திரம் சுட்டுக்கொண்டிருந்தது.

சன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். நீல வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் முகம். முக்காடு தோளில் கிடந்தது. கண் இமைக்கவே இல்லை. திடீரென்று அவர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் விண்கலங்கள் ஒவ்வொன்றாக வெடிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக என் மூன்று எழுத்தைப் பதித்தார்.

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் திரும்பாமலே பேசினார்.

"நீதானா புள்ள? அடுப்படி வழியா உள்ள வா."

பாயின் மனைவி அவர். தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்து ஆறு வருடமாம். கடைப்பக்கம் வந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஏன்க்கா என் பேரைப் போடுறீங்க?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது. நீ போடுறதப் பாத்துப் பாத்து இந்த மூணு எழுத்துதான் தெரியும்."

எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். பலகைச் சுவரைக் காட்டினார். இருபது சென் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய அடுப்படி.

"ஒரு வருசமாப் பாக்குறேன். போன மாசம் நீ ஆடாம அழுதுக்கிட்டு உக்காந்திருந்தியே, அதுக்கு மறுநா நானும் ஆடல." சாதாரணமாகத்தான் சொன்னார். மண்டோர் அம்மாவைத் திட்டிய நாள் அது. அந்த அறையில் நான் தனியாக இருந்ததாக நினைத்த ஒரு நாளும் தனியாக இருக்கவில்லை.

"அதென்ன பத்துப் புள்ளி?"

"ரொம்பத் தூரம் போயிட்டா நீ வெறுத்துப்போயி வராம இருந்துட்டீன்னா?"

முழுசாக ஆடிக் காட்டச் சொன்னேன். காசுப்பெட்டியைச் சாவியால் திறந்து, உள்ளே கிடந்த காசையே எடுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம் ஆடினார். எண் ஏறி ஏறி 99,990-ஐத் தாண்டி, இடமில்லாமல் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது.

"நீங்க போங்கக்கா. பணம் நான் கட்டுறேன்" என்றேன்.

"கூட்டத்துக்கு நடுவுல எனக்குக் கை ஓடாது புள்ள" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா என்ன மாதிரி ஒரு ஆளாச்சும் அங்க வராமலா இருப்பாங்க?"

பாரம் பையிலேயே கிடந்தது. அந்த வாரமே அம்மாவைக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கினேன். போட்டிக்குப் போன ஒரு பையன் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினான். ஜெயித்தவன், கடைகளுக்கு எந்திரம் வாடகைக்கு விடுகிறவர் மகனாம். அவனுக்கும் பயிற்சிக்குக் காசு செலவில்லை.

அதற்குப் பிறகும் சில நாள் அங்கே ஆடினேன். அந்த அக்காவுக்கு அவருடைய பெயரின் எழுத்துகளைக் காட்டிக்கொடுத்தேன். ஆனால் பலகைக்குப் பின்னால் ஒரு கண் இருப்பது தெரிந்த பிறகு என் கை பழையபடி ஓடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆடுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தீப்பெட்டி அட்டையில் நான் எழுதிய செலவு ஒவ்வொன்றும் சரிதான். நான் பார்த்தே இராத ஒருவர் என்னைவிடப் பல மடங்கு நன்றாக ஆடிக்கொண்டிருப்பார் என்ற ஒன்றைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன், அதனால் இன்றைக்கும் ஒரு காரியம் லாபமா நட்டமா என்று கூட்டிப் பார்க்கும்போது, பூட்டிய கதவுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் முடிவுக்கு வருகிறேன்.