தூங்கும் வித்துக்கு நான் கட்டிய தொட்டி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் டெல்லியில் கட்டியது என்னென்ன தெரியுமா? முனிர்காவில் சொந்தப் பட்டறை. பழைய தையல் மெஷின் மோட்டாரில் குடுவைகளைக் குலுக்கும் மேடை. பாசி வளர்க்க டியூப்லைட் அலமாரி. எல்லாவற்றுக்கும் மேலே, மே மாத அனல் அடித்தாலும் ஜனவரிப் பனி கொட்டினாலும் தண்ணீரின் சூடு மாறாத ஒரு தொட்டி. கரண்ட் போனால் லாரி பேட்டரியில் ஓடும். இஞ்சினியர்கள் கைவிரித்த வேலை அது.

அதைச் செய்யச் சொன்னவர், பக்கத்து ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த தஞ்சாவூர்ப் பெண். எழுபதுகளின் கடைசி. நெல் வயலுக்கு உரமாகப் போடும் நீலப்பச்சைப் பாசியை அவர்கள் சயனோபாக்டீரியா என்பார்கள். காய்ந்தால் அது தடித்த தோல் போர்த்திய வித்தாகித் தூங்கிவிடும். தூங்கும்போதும் அந்த வித்து மூச்சு விடுகிறதா என்பதுதான் அவர் கேள்வி. என் தொட்டித் தண்ணீரில், இருட்டில், மூடிய குடுவைக்குள் வித்து. குடுவையோடு சேர்ந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவம். வித்து காற்றை இழுத்தால் திரவம் நகரும். நகர்ந்தது, மயிரிழை.

அவருடைய பேராசிரியர் நம்பவில்லை. தொட்டியின் சூடு ஏறி இறங்குவதால் குடுவைக் காற்று விரிந்து சுருங்கி வந்த அசைவு என்றுவிட்டார். அது உண்மையென்றால் அந்தப் பெண்ணின் உழைப்பும் போச்சு, என் பெயரும் போச்சு.

மறுநாள் அந்தப் பெண் என் பட்டறைக்கே வந்தார்.

"அண்ணா, இன்னொரு குடுவை வேணும். வேக வச்சுக் கொன்ன வித்த அதுல போட்டு, ரெண்டையும் ஒரே தொட்டியில வைப்போம். சூடுதான் காரணம்னா ரெண்டுலயும் நகரணும்."

"அப்ப என் தொட்டியச் சந்தேகப்படுறீங்க."

"ஆமாண்ணா. சார் கேக்குறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுக்கலாம்."

கோபம்தான். ஆனாலும் செய்துகொடுத்தேன். செத்த வித்தின் குழாயில் திரவம் குத்துக்கல்லாக நின்றது. உயிருள்ளதில் மெல்ல ஊர்ந்தது. பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் கையை விட்டும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாங்க் டீக் ஹை, பையா" என்றார், தொட்டி சரியாகத்தான் இருக்கிறது தம்பி என்று.

அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் பெரிது. மற்றவர்கள் வாசலில் நிறுத்திப் பேசியபோது, தன் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தவர். எதற்காகச் செய்கிறோம் என்று எனக்கும் விளங்க வேண்டுமென்று நினைத்தவர். சந்தேகப்பட்டதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்; அதனால்தான் மற்ற கூடங்களிலிருந்தும் ஆர்டர் வந்தது, என் பெண்கள் காலேஜ் போனார்கள்.

அவருடைய ஆய்வேட்டில் நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. பேராசிரியர் வெளியிட்ட கட்டுரையில் மட்டும் 'உள்ளூரில் செய்த தொட்டி' என்று போட்டுவிட்டார்கள். ஊரா செய்தது? நான் செய்தேன். தூங்கும் வித்து மூச்சு விடுகிறது என்று அந்தக் கட்டுரையை இனி எங்கே அச்சடித்தாலும், தொட்டி கட்டியவன் யார் என்று பெயரோடு ஒரு வரி சேர்த்தாக வேண்டும்.