சைபரைக் கண்டால் கேள்வி கேட்கும்

புரோகிராம் எழுதுவதற்குத்தான் சம்பளம், அதற்காகத் திட்டு வாங்குவது இலவச சேவை. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்புத் திரை

தொண்ணூறுகளின் நடுவில், பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்கு கன்ட்ரோல் பெட்டி செய்யும் கம்பெனியில் புரொபேஷனில் இருந்தேன். பெட்டிக்கு ஒரு நம்பர் உண்டு. அதை உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுகளில் பைனரியாக, அதாவது ஒன்றும் சைபருமாக வைக்க வேண்டும். மனக்கணக்குப் போட்டு எல்லாரும் தப்பு செய்தார்கள். 'மாத்து' என்று, கறுப்புத் திரையில் ஓடும் ஒரு டாஸ் புரோகிராம் எழுதினேன். எண்ணை அடித்தால் பைனரி, எட்டெட்டாக எண்ணும் ஆக்டல், பதினாறு பதினாறாக எண்ணும் ஹெக்ஸ் எல்லாவற்றிலும் சொல்லிவிடும். படம், பட்டன் எதுவும் கிடையாது. கன்னடக்கார மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஏன்ரீ, மவுஸே வேலை செய்யலையே, இதை எப்படி கஸ்டமருக்குக் காட்றது?"

முன்னால் ஒரு சைபர்

டெஸ்டிங்கில் இருந்த அந்தோணி, பெட்டி மேல் ஒட்டியிருந்தபடியே 012 என்று அடித்தார். முன்னால் சைபர் வந்தால் அது ஆக்டல் என்பது நான் புரோகிராம் எழுதிய சி மொழியின் வழக்கம். ஆக்டல் 012 நமக்குப் பத்து, அதனால் பன்னிரண்டாம் பெட்டியின் சுவிட்சுகள் பத்து என்று வைக்கப்பட்டன. பத்தாம் நம்பர் பெட்டி ஏற்கெனவே பெஞ்சில் இருந்தது. ஒரு மோட்டாரை ஓட்டினால் இரண்டும் ஓடின. அந்தோணி இரண்டாவது மோட்டார் பக்கமிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

சைபரைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது, எங்கள் பழைய பெட்டிகளின் நம்பர் நிஜமாகவே ஆக்டல். அதனால் முன்னால் சைபர் வந்தால் 'மாத்து' பதில் சொல்லாமல், "ஆக்டலா, சாதாரண எண்ணா?" என்று கேட்கும்படி மாற்றினேன். கஸ்டமரையே கேள்வி கேட்பதா, எடு என்றார் மேனேஜர். முடியாது என்றேன்.

"கேள்வி போகலைன்னா உங்க கன்ஃபர்மேஷன் போயிடும்ரீ, யோசிங்க."

அடுகோடியில்

யோசிக்கவில்லை. அடுகோடி ஏரியாவில் ஒரு பட்டறைக்குப் புதுப் பெட்டி பொருத்தப் போனபோது மேனேஜர் கேள்வி இல்லாத ஃப்ளாப்பியை நீட்டினார். நான் என்னுடையதைப் போட்டேன். பட்டறை முதலாளி நசீர் பாய் அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பெட்டியின் நம்பரை 015 என்று அடித்தார், 'மாத்து' கேட்டது. மேனேஜர் மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கும் முன்பே பாய் எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். பழைய பெட்டி, ஆக்டல்தான்.

"இங்க எல்லாரும் கேக்காமலே செஞ்சி வெச்சிட்டுப் போறாங்கமா. இது ஒண்ணுதான் கேட்டுட்டுச் செய்யுது. இத்த மட்டும் எடுத்துடாதீங்க."

என் வேலை நிரந்தரமானது, மேனேஜரின் கோபமும் கூடவே நிரந்தரமானது, கேள்வியை மட்டும் கடைசிவரை யாராலும் எடுக்க முடியவில்லை.