தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஆடு

செத்த மாட்டை அறுக்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கள்ளிக்குப்பத்தில் பேச்சு இருந்தது. கட்டிக்கொள்ள ஆள் வந்தது. ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்த வரதன், பெண் பார்க்க வந்த அன்று தாட்சாயிணியிடம் கேட்டது ஒரே கேள்வி.

"கையை எதுல கழுவுவீங்க?"

"லைஃப்பாய் சோப்புல."

"அப்ப சரி. எங்க ஊட்லயும் அதான்."

தாட்சாயிணி கால்நடை மருத்துவர்தான். ஆனால் ஊசி போட்டு மருந்து கொடுக்கிறவள் அல்ல. செத்துப்போன ஆடு மாடு கோழியைத் திறந்து பார்த்து, எதனால் செத்தது என்று சொல்கிறவள். நோய்க்குறியியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பை முடித்து ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல், மாட்டுக்கு வரும் வெக்கை என்று வைரஸ் நோய்களிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்துவிட்டாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் பெரிய கதை எதுவும் சொல்ல மாட்டாள். "மார்க்குக்குக் கிடைச்சது. அப்புறம் புடிச்சுப்போச்சு" என்பாள்.

நான் அவள் எதிர்வீட்டில் குடியிருந்தேன். நசரத்பேட்டைப் பக்கம் கிராம சுகாதார செவிலி வேலை. அதனால் இதில் பாதி நான் பார்த்தது, மீதி அவள் சொன்னது.

அவளுடைய பெரிய தொல்லை, சோதனைக்கான சரக்கு கெட்டுப்போய் வருவது. ஆடு செத்ததாகத் தகவல் வரும். இவள் பஸ் பிடித்துப் போவதற்குள் புதைத்திருப்பார்கள், இல்லையென்றால் வயிறு ஊதி வெடிக்கிற நிலையில் இருக்கும். அழுகிய உடம்பில் வைரஸ் நிற்காது. செத்த சூட்டோடு அறுத்து, மண்ணீரலிலும் நுரையீரலிலும் துண்டு எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோனால்தான் சோதனைக்கு உதவும்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆடி மாதம் நசரத்பேட்டையில் ஆடுகள் விழ ஆரம்பித்தன. தாயம்மா என்பவள் வீட்டில்தான் முதலில். முன்பு நாற்று நட்டவள். நிலமெல்லாம் கம்பெனியான பிறகு அவள் கையில் மிஞ்சிய பிழைப்பு ஆடுகள்தான். அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு சந்தையில் ஒரு கிடா வாங்கி வந்திருந்தாள். அது கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், கழிச்சல் என்று படுத்தது. பிறகு மற்றவை. வாய்ப்புண்ணைப் பார்த்ததும், அம்மா வந்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பெரிய அன்னக்கூடையில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வைத்து, ஒரே துணியை அதில் நனைத்து முன்கொட்டாயில் இருந்த எல்லா ஆட்டுக்கும் வாய் துடைத்தார்கள். அக்கம்பக்கத்து ஆடுகளையும் ஓட்டி வந்து அதே தண்ணீரைத் தொட்டுத் தடவினார்கள்.

நான் எதிர்வீட்டில் போய்ச் சொன்னேன். மறுநாள் புதன்கிழமை, தாட்சாயிணி லீவு போட்டுவிட்டு வரதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் என்பதால் என் கையில் ஐஸ் பெட்டி இருந்தது. நாங்கள் போனபோது கிடா அப்போதுதான் செத்திருந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை.

கொல்லைப்புறத்தில் இன்னொரு கொட்டாய். அதில் சினையாடுகள் நன்றாகத் தழை தின்றுகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் தடுப்பூசி வர வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மேலதிகாரி, ஆட்டைப் பார்க்காமலே சாதாரண சளிக்காய்ச்சல் என்று எழுதிவிட்டார். கொள்ளைநோய் என்று ஆதாரம் காட்டாமல் ஊசிமருந்து வெளியே வராது. ஆதாரம் அந்தக் கிடாவின் வயிற்றுக்குள் இருந்தது.

தாட்சாயிணி கத்தியை எடுத்ததும் தாயம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா பண்ணப் போற டாக்டரம்மா? அம்மா வந்த ஒடம்புல கத்தி வெப்பியா? ஊரு தாங்குமா?"

"அறுத்தாதான் பின்னால கீற ஆட்டைக் காப்பாத்த முடியும், தாயம்மாக்கா."

"அவளே குடுத்தா, அவளே எடுத்துக்கினா. நீ ஊட்டுக்குப் போ."

அவள் புருஷன் துலுக்கானம் பீடியைக் கீழே போட்டான். "அறுக்கட்டும் உடேன். எப்படியும் மண்ணுக்குத்தான போவுது."

"நீ வாய மூடு! ஒனக்கு இன்னா, கறி வேகுதான்னு பாப்ப."

தாட்சாயிணி கத்தியைப் பைக்குள் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். கள்ளிக்குப்பத்துப் பெண்தானே, அவள் வீட்டிலும் இதெல்லாம் உண்டு.

"அக்கா, ஊட்ல புள்ளைக்கு அம்மா வந்தா கடைசில இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவோம், தலைக்குத் தண்ணி ஊத்துவோம்."

"ஊத்தினா?"

"எறங்கிப் போயிடுவா."

"இதுக்கு இன்னும் ஊத்தலயே?"

தாயம்மா கிடாவைப் பார்த்தாள். துலுக்கானம் சிரித்துவிட்டான். "செத்த ஆட்டுக்குத் தலைக்கு ஊத்தறதா? நல்லா கீதே கூத்து."

"நீ கொஞ்சம் சும்மா கெட. அவ சொல்றதும் நாயம்தான். ஊத்தாம எப்படி வழியனுப்புறது?"

அவளே புதுத் தண்ணீர் இறைத்து, மஞ்சள் வேப்பிலை போட்டுக் கிடாவின் தலையில் ஊற்றி, கற்பூரம் காட்டினாள். பிறகு, "இப்போ அறு. நான் பாக்க மாட்டேன்" என்று திரும்பி நின்றாள். ஆனால் பார்த்தாள்.

தாட்சாயிணியின் கை வேகம் எனக்குத் தெரியும். பெருங்குடலைத் திறந்தபோது உள்ளே வரிவரியாக ரத்தக்கோடு, கொள்ளைநோயின் அடையாளம். "நர்ஸக்கா, பெட்டியைத் திறங்க" என்றாள். துண்டுகள் ஐஸுக்குள் போயின. குழந்தைகளின் மருந்தை முன்பே வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்.

கை கழுவும்போது அன்னக்கூடையைக் காட்டிக் கேட்டாள். "ஊட்ல அம்மா வந்தா வாசல்ல வேப்பிலை கட்டி வெளியாளை உள்ள உடமாட்டீங்க. ஆட்டுக்கொட்டாயில மட்டும் ஊரே வந்து போவுதே?"

தாயம்மா போய்க் கூடையைக் கவிழ்த்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு கொட்டாய் வாசலிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பின்கொட்டாய்க்கு அவளைத் தவிர யாரும் போகவில்லை. அவளும் நோயாட்டுப் பக்கமிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் போனாள்.

சோதனையில் ஆட்டுக்கொல்லி நோய் என்று தெளிவாக வந்தது. மாட்டு வெக்கைக்கு நெருங்கிய சொந்தம் அந்த வைரஸ். மேலதிகாரி சோதனை செய்த கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெக்கைக்கான தடுப்பூசியையே ஆடுகளுக்குப் போட்டார்கள். முன்கொட்டாயில் ஏற்கெனவே படுத்தவை பிழைக்கவில்லை. அதைத் தாட்சாயிணி முதலிலேயே சொல்லியிருந்தாள். பின்கொட்டாய்ச் சினையாடுகள் அத்தனையும் நின்றன. ஐப்பசியில் குட்டி போட்டன.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து அவளுக்கு நல்ல சரக்கு வர ஆரம்பித்தது. அதை வைத்துத்தான் அவள் பெரிய ஆராய்ச்சியெல்லாம் செய்தாள், டாக்டர் பட்டம் வாங்கினாள்.

தொண்ணூற்றாறில் ஒருநாள் ஆய்வுக்கூட வாசலில் ஒரே சத்தம். தாட்சாயிணி வெளியே வந்து பார்த்தாள். சைக்கிள் கேரியரில் சாக்கு, சாக்கில் மீன்கடை ஐஸ், ஐஸுக்குள் பக்கத்துத் தெரு ஆடு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு துலுக்கானம் நின்றான். தாயம்மா காவலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸா? இன்னாய்யா பாஸு? டாக்டரம்மாவைக் கூப்புடு. தலைக்கு ஊத்தியாச்சு, அறுக்கலாம்னு சொல்லு. வெயில் ஏறுது!"