குகை வாசலில் சொல்லும் கதை

1. ஏரியில் இறங்காதவர்கள்

பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் மலைக்கு மேலே வந்த வயதான தம்பதி அவர்கள். பெருமாள்மலை டாக்சி ஸ்டாண்டில் அன்று காலை முதல் சவாரி என் வண்டிக்கு. அந்த அம்மாவின் பெயர் தனலட்சுமி. ஐயா அருப்புக்கோட்டைப் பக்கம் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

“எல்லா எடமும் சுத்திக் காட்டுவீங்களா தம்பி?”

“காட்டுறேம்மா. ஃபுல் டே பேக்கேஜ்தான்.”

ஏரிக்கரையில் நிறுத்தினேன், இறங்கவில்லை. பூங்காவில் நிறுத்தினேன், ஐயா மட்டும் இறங்கி பாத்ரூம் போய்விட்டு வந்தார். இறங்காத பார்ட்டியைக் கண்டால் டிரைவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. சாயங்காலம் “ஒண்ணுமே காட்டல” என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் வண்டியை ஓரங்கட்டி நேராகக் கேட்டேன்.

“ஒங்களுக்கு எங்கதாம்மா போகணும்?”

“குகைக்குப் போங்க. மத்தது எதுவும் பாக்க வேண்டியதில்ல.”

அந்தக் குகைக்கு, பார்க்கிங்கிலிருந்து மரவேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவில் நடந்து போக வேண்டும். கடைசியில் பாறைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பிளவு. உள்ளே அறை அறையாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்குகிறது. எங்கே முடிகிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. முன்பெல்லாம் டூரிஸ்டுகள் முதல் அறைவரை போய் வருவார்கள். ஒரு விபத்துக்குப் பிறகு கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். இப்போது வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம், கீழேயிருந்து வரும் குளிர்காற்று முகத்தில் படும், அவ்வளவுதான். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் கதைதான் வியாபாரம்.

பீட்டர் என்று ஒரு கைடு இருந்தான். நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் அதிகம். கம்பி ஓரம் கூட்டம் சேர்ந்ததும் ஆரம்பித்தான்.

“இந்தக் கம்பி ஏன் போட்டாங்க தெரியுமா சார்? காலேஜ் பய ஒருத்தன். லவ் ஃபெயிலியர். ஃபுல் போதை. கடைசி ரூம் வரைக்கும் போய்ப் பேரை எழுதிட்டு வாரேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெட்டு கட்டி எறங்குனான். போனவன் போனவன்தான். கயிறு விட்டுப் பாத்தாங்க, எட்டல. பாடி இன்னும் உள்ளதான் கெடக்கு.”

கூட்டத்தில் ஒருவர் “குடிச்சா இப்படித்தான்” என்றார். இரண்டு பேர் கம்பியில் சாய்ந்து செல்ஃபி எடுத்தார்கள்.

“அவன் குடிக்க மாட்டான்” என்றார் தனலட்சுமி அம்மா.

பீட்டர் சிரித்துக்கொண்டே, “அம்மா, அன்னைக்கு நான் இங்கதான் நின்னேன். என் கண்ணால பாத்தேன்” என்றான்.

“பாத்தீங்களா? அப்ப என்ன சட்டை போட்டிருந்தான்?”

பீட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நீலக் கட்டம்” என்றார் அந்த அம்மா. “நாந்தான் தேய்ச்சுக் குடுத்தேன்.”

செல்ஃபி எடுத்தவர்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். ஐயா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்தபடி நின்றார்.

பிறகு என்னிடமும் பீட்டரிடமும் அந்த அம்மா சொன்னார். மகன் பெயர் குமரேசன். கூட வந்த நண்பன் பாசியில் வழுக்கி முதல் பள்ளத்தில் விழுந்துவிட்டான். குமரேசன் இறங்கி, அவனைத் தன் தோளில் ஏற்றி மேலே தள்ளினான். மேலே நின்றவர்கள் கையைப் பிடித்து அவனைத் தூக்கிவிட்டார்கள். அடுத்து இவன் ஏறக் கால் வைத்த பாறை பெயர்ந்துவிட்டது.

“பொழைச்சு வந்தவன் எங்க வீட்டு வாசல்லயே உக்காந்து சொன்னான் தம்பி. உள்ள வான்னு கூப்பிட்டும் வரல. இப்ப எதுத்த வீட்டுப் பையன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். குடிச்சிட்டுச் செத்தான்னு யாரோ பேசுறாங்க. அதான் வந்தோம்.”

பீட்டர் அன்று வேறு யாருக்கும் கதை சொல்லவில்லை.

2. ஸ்டாண்டில்

ஊருக்குத் திரும்ப பஸ் ஏற்றிவிடும்போது அந்த அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். “நீங்க நெதமும் அங்க போற ஆளு. குடிச்சான்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். கைடுகளில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருந்தது.

“அண்ணே, கூட்டாளியைக் காப்பாத்தப் போய் விழுந்தான்னா எவன் நின்னு கேப்பான்?” என்றான் ஒரு கைடு.

குகைக்குக் காவல் நிற்கும் வாட்ச்மேன் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. “குடிகாரன் கதையைக் கேட்டுத்தான் எளவட்டப் பயலுக கம்பி ஏறாம இருக்கானுக. அதை ஏன் கெடுக்குறீங்க?”

பீட்டர் மட்டும் அந்தக் கதையை விட்டுவிட்டான். மற்றவர்கள் வாயில் அது வளர்ந்தது. அடுத்த சீசனில் காதலியும் கூடவே குதித்தாள். அதற்கடுத்த சீசனில் ராத்திரியில் அழுகைச் சத்தம் கேட்டது.

3. போன்

அந்த அம்மா எப்போதாவது கூப்பிடுவார். மலையில் மழையா, வண்டி ஓடுதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்பார். “இப்ப எப்படித் தம்பி சொல்றாங்க?”

உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? “இப்பல்லாம் சரியாத்தாம்மா சொல்றாங்க” என்பேன். அந்தப் பக்கமிருந்து, “நல்லது தம்பி, வச்சிடுறேன்.”

ஒரு தடவை, ஐயா தவறிவிட்டார் என்று சொன்னார். சொல்லிவிட்டு, “இப்பச் சரியாச் சொல்றத நான் ஒருக்கா வந்து கேக்கணும் தம்பி. அவுகளும் கேக்காமலே போயிட்டாக” என்றார்.

போனை வைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக பீட்டரிடம் போனேன்.

“அந்தம்மா கேக்க வருது. நீதான் சரியாச் சொல்லணும்.”

“அண்ணே, அந்தம்மா முன்னாடி நின்னு என்னால முடியாது.”

“வேற யாரு சொன்னாலும் தப்பாத்தாண்டா சொல்லுவான்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எப்ப வாராங்கண்ணே?” என்று கேட்டான்.

4. அந்த நாள்

தனியாகத்தான் வந்தார். மிகவும் மெலிந்திருந்தார். சரிவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். கம்பி ஓரம், டூரிஸ்டோடு டூரிஸ்டாகப் பின்வரிசையில் நின்றுகொண்டார்.

பீட்டர் ஆரம்பித்தான். எப்போதும் போலக் கையை ஆட்டவில்லை.

“இங்க குமரேசன்னு ஒருத்தர் எறந்துட்டாரு. ஃப்ரெண்டு வழுக்கி விழுந்தாரு. இவரு எறங்கி, தோள்ல ஏத்தி அவரை மேல அனுப்புனாரு. அப்புறம் இவரு கால் வச்ச பாறை பெயந்து போச்சு. குடிக்கல. பந்தயம் எதுவும் கெடையாது. அம்மா தேய்ச்சுக் குடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாரு.”

அவ்வளவுதான் கதை. பாதிப் பேர் நடுவிலேயே நகர்ந்து போயிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், “அந்த ஃப்ரெண்ட் இப்ப நல்லா இருக்காரா?” என்று கேட்டாள். பீட்டருக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து, “இருக்கான்மா. ரெண்டு பிள்ளைங்க” என்று அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு பீட்டர் பக்கத்தில் வந்தான். “சரியாச் சொன்னேனாம்மா?”

“சரியாத்தாம்ப்பா சொன்ன. எனக்குத்தான் கேக்க முடியல.”

முதல் தடவை வந்தபோது அவர் அழவில்லை. பொய்க்கதை சொன்னவனோடு சண்டை போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை சண்டை போட யாரும் இல்லை. பெருமாள்மலை வரும்வரை பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தார். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.

பஸ் ஏறும்போது, “இனிமே போன் பண்ண மாட்டேன் தம்பி” என்றார். அவர் சொன்னபடியே செய்தார்.

இடுப்பு வலி வந்து நான் ஸ்டியரிங்கை விட்டாயிற்று. புதிதாக வண்டி எடுக்கும் தம்பிகள் ரோட்டைப் பற்றியும் பர்மிட்டைப் பற்றியும் என்னிடம் கேட்பார்கள். அதோடு இதையும் சேர்த்துச் சொல்கிறேன். இறந்தவர் ஒருவரைப் பற்றி டூரிஸ்டுக்குச் சொல்லும்போது, அவரைப் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பேசாமல் நில்லுங்கள். டூரிஸ்ட் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.