செல்வராஜின் முழங்கை

மருந்து வந்துவிட்டது, தியேட்டர் கிடைத்துவிட்டது, நோயாளியைத்தான் காணவில்லை. யுத்த காலத்தில் கண்டியில் சத்திரசிகிச்சை வாட்டில் சிஸ்டராக இருந்த எனக்கு அன்று நல்ல எரிச்சல். காலையில் அட்மிட் ஆகவேண்டிய செல்வராஜ் மத்தியானமாகியும் வந்து சேரவில்லை.

அவன் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞன், ஹீமோபீலியாக்காரன். இரத்தம் உறைவதற்கு வேண்டிய பாக்டர் அவன் உடம்பில் இல்லை. ஊசியால் ஏற்றினால் சரிதானே என்பீர்கள். ஏற்றிய பாக்டரையே எதிரியாக நினைத்து அழிக்கும் இன்ஹிபிற்றர் அவனுக்கு வந்திருந்தது. தொடைக்குள் கசிந்த இரத்தம் தேங்காயளவு கட்டியாகி, தோல் எப்போது வெடிக்குமோ என்றிருந்தது. வெட்டி எடுக்காவிட்டால் ஆள் தப்பமாட்டான். இன்ஹிபிற்றரைச் சுற்றிக்கொண்டு போய் இரத்தத்தை உறைய வைக்கும் மருந்து கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. அது அந்த ஒரு ஒப்பரேஷனுக்கும் புண் ஆறுவதற்கும்தான் காணும். இடையில் எங்கேயாவது அடிபட்டால் மருந்து அதற்கே போய்விடும்.

அவனுடைய அம்மா தனியாக வந்து நின்றார்.

"மிஸ்ஸி, செக் பொயிண்ட்ல பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க. சட்டக் கையச் சுருட்டிப் பாத்துட்டு, பயிற்சி எடுத்தவன்னு சொல்லி பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க."

தவழ்ந்து பயிற்சி எடுத்தவர்களுக்கு முழங்கையும் முழங்காலும் காய்த்திருக்கும் என்று தமிழ் இளைஞர்களை அப்படித்தான் சோதிப்பார்கள். ஹீமோபீலியாக்காரனுக்கோ மூட்டுக்குள்தான் இரத்தம் கசியும். சின்ன வயதிலிருந்தே செல்வராஜுக்கு அந்த மூட்டுகள் வீங்கித் தடித்திருந்தன.

"அழாதேங்கோ அம்மா. எந்தப் பொலிஸ் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டு சர்ஜனிடம் ஓடினேன். அவர் சிங்களவர், அதிகம் பேசாத கோபக்காரர். காரை எடுத்து என்னையும் ஏறச் சொன்னார். அந்த நாளில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரி தானாக பொலிசுக்குப் போவதா என்று யோசித்தேன். ஆனாலும் ஏறினேன்.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். "டொக்டர், அடிக்காதீர்கள், அடித்தால் இரத்தம் நிற்காது என்று இவன் சொன்னான். பார்ப்போமென்று விரலில் குண்டூசியால் குத்தினோம். நின்றுவிட்டது. பொய்க்காரன். இனித்தான் விசாரிக்கப் போகிறோம்."

ஹீமோபீலியாக்காரனுக்கு விரலில் குத்தினால் மற்றவர்களுக்குப் போலவே இரத்தம் நிற்கும். தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் ஆழமாகப் படும் அடிதான் அவனைக் கொல்லும். சர்ஜன் இதை விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை.

"களிசானைக் கழற்றச் சொல்லுங்கள்" என்றார் சர்ஜன்.

மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த செல்வராஜ் கூச்சத்தோடு என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அதிகாரி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து கிட்டப் போகும் சத்தம் கேட்டது.

"இந்தத் தொடையில் ஒரு உதை போதும். பிறகு பிணத்தைத்தான் விசாரிப்பீர்கள்" என்றார் சர்ஜன். அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காவலுக்கு ஒரு கொன்ஸ்டபிளையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மறுநாள் ஒப்பரேஷன் நடந்தது. அதன் பிறகும் நேரம் தவறாமல் மருந்து ஏற்றினோம். ட்ரெசிங்கில் சிவப்பு ஊறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் பூத்தது. ஊறவில்லை. வாசலில் கதிரை போட்டிருந்த கொன்ஸ்டபிளும் என்னைக் கண்டால் "மல்லிக்கு எப்படி?" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி விசாரிக்கத் தொடங்கியிருந்தார். விசாரணையில் ஒன்றுமில்லை என்று பிறகு அவரையும் காவலிலிருந்து திருப்பி எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில், "இனிப் பயமில்லை தம்பி" என்றேன். செல்வராஜ் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டான்.

"கட்டிய எடுத்துட்டீங்க மிஸ்ஸி. இந்தக் கை முட்டிய என்ன செய்றது?"

 

வாட்டில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்கும்போது மருந்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நோயாளி எந்த ரோட்டால் வருவான், யாரோடு வருவான் என்றும் கேளுங்கள். நாங்கள் அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினோம்.

செல்வராஜை அன்று அம்புலன்சில் வீடு வரை அனுப்பினோம். மற்ற நாட்களில் அவன் பஸ்ஸில்தான் போகவேண்டியிருந்தது.