நன்றியுரை

பாறசாலைப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு சார், பிரபஞ்சம் பிறந்த விதத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பில் தொளதொளத்த கம்பளிக் கோட்டு. பரிசு மேடையில் கோட்டோடு நிற்கக் கூச்சம் வரக்கூடாதென்று இப்போதே பழகுகிறாராம். பங்குனி வெயிலிலும் கழற்றமாட்டார்.

எங்கள் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்ட நாட்களில் இடைவேளைதோறும் புளியமரத்தடியில் நின்று நன்றியுரையைத் தமிழில் ஒத்திகை பார்ப்பார். கடைசியில் பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் அவர் மரத்தடியில் அதே உரையை மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சாரே, அப்போ தமிழ் உரை?" என்றேன்.

"அதும் உண்டு மக்கா. ரெண்டுலயும் சொல்லுவேனாக்கும்."

"கண்டுபிடிப்பு முடிஞ்சாச்சா?"

"அதுல இனியும் கொஞ்சம் சோலி கெடக்கு."

ஊரே முகம் தொங்கிக் கிடந்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.